கடுதாசியில் வந்த கீரி

எங்கள் தோட்டத்தில் ஒரு கீரி இருந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அச்செழுத்தாக இருந்தால் கூட்டிப் படிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவு. அதனால் நீட்டி எழுத வராது.

நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே இரண்டு மைலில் இருந்த தோட்டத்துக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான். மாமனாரை மாமா என்பேன், மாமியாரை அத்தை என்பேன். வீட்டுக்காரருக்கு ஒரு அக்கா. பக்கத்து ஊரில் கொடுத்திருந்தது. எங்கள் பக்கம் கணவரின் அக்காவை நங்கை என்று சொல்வது. நங்கை வாரம் இரண்டு நடை பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவார்.

கோழி ஆறு இருந்தது. நான் வந்த இரண்டாம் மாதம் முட்டை குறைய ஆரம்பித்தது. கூடையில் மூன்று இருந்தால் மத்தியானம் ஒன்று இருக்கும்.

அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"முட்டை எங்க போவுது? காலு மொளச்சு போவுதா?"

"தெரியாதுங்க அத்தை."

"உங்கூட்டுல முட்டை திங்கறதுண்டா?"

"உண்டுங்க."

"அதான்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஆனால் நங்கை வரும்போதெல்லாம் இருவரும் கூடையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள்.

என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூன்று நாள் கடலைக்கொடிப் போருக்குப் பின்னால் போய்ப் படுத்துக் கிடந்தார். நாலாம் நாள் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். கிணற்றோரம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டி. அதன் பக்கத்தில் ஒரு கீரி. அதன் முன்னால் எங்கள் முட்டை. கீரி தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றது. முன்னங்கால் இரண்டாலும் முட்டையைப் பிடித்தது. பின்னங்காலுக்கு நடுவில் விட்டுப் பின்னால் வீசியது. முட்டை தொட்டிக் கல்லில் பட்டு உடைந்தது. திரும்பி நக்கியது.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு முட்டை போகிறதே என்று இருந்தது. சிரிப்பு கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

அன்று சோறு போடும்போது அத்தையிடம் சொன்னார்.

"முட்டை எடுக்கறது கீரிதான் ஆத்தா. பின்னால வீசித் தொட்டிக் கல்லுல ஒடைக்குது."

"கீரி பந்து வெளையாடுதாக்கும்."

"கண்ணுல பாத்தேன்."

"பொண்டாட்டிக்கு ஏத்துக்கிட்டுப் பேசறதுன்னா பேசு சாமி. வாயில்லாத சீவன் மேல பழி போடாதே."

மாமா சோற்றைப் பிசைந்தபடியே, "கீரி இருந்தா கெணத்தடியில பாம்பு அண்டாது. அதை ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க" என்றார். மாமா யார் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.

கீரி இருந்தது. முட்டை போனது. அத்தை நம்பவில்லை. தாயும் மகனும் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் கீரியில் வந்து நிற்கும்.

இரண்டு வருசம் மழை தப்பியது. கிணறு அடி தெரிந்தது. அப்போது சண்டைக் காலம். சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். அவர் போய் நெஞ்சளவு கொடுத்துவிட்டு வந்தார். விசேஷ வீடுகளில் பந்திச் சமையலுக்குக் கூடமாட நின்றவர். அதைச் சொன்னதால் சமையல் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கி இல்லை, கரண்டிதான் என்று எங்களுக்குச் சொன்னார். எனக்கு அது ஒரு தைரியம்.

புறப்படுகிற அன்று வேலிக் கடவில் நின்று திரும்பினார்.

"ஆத்தா, அது கீரிதான்."

"போயிட்டு வா சாமி. இப்பப் போயி எதுக்கு முட்டைப் பேச்சு" என்று அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

இரண்டு கடுதாசி வந்தன. இரண்டாவதில் கப்பல் ஏறப் போகிறோம் என்று இருந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. கூட இருந்த ஆள் எழுதிக் கொடுத்தது. அதன் பிறகு பத்து மாதம் ஒன்றும் இல்லை.

தோட்டம் தோட்டமாகத் தள்ளித் தள்ளி இருந்த இடம். தபால்காரர் அத்தனை தூரம் வரமாட்டார். பேட்டைக்குச் சந்தைக்குப் போகிறவர்கள் யாராவது தபாலாபீசில் கேட்டு வாங்கி வருவார்கள். எங்களுக்கு மேற்குத் தோட்டத்துக்காரர்தான் கேட்டு வருவார். மாமாவுக்குப் பங்காளி முறை. பத்து மாதமும் சந்தை நாளில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஒண்ணும் இல்லீங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சொல்லுக்கு நாங்கள் பழகிவிட்டோம்.

ஒரு சந்தை நாள். பொழுது உச்சி சாய்ந்த நேரம். நான் உட்கார்ந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். மேற்குத் தோட்டத்துக்காரர் வேலிக் கடவுக்குள் நுழைந்து வந்தார். தலையில் எப்போதும் கட்டுகிற உருமால் இல்லை. கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். எனக்கு அப்போதே கை நின்றுவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். கல்யாணம், சீர் என்று நல்ல சேதி எழுதினால் கடுதாசியின் மூலையில் மஞ்சள் தடவி அனுப்புவார்கள். எழவுச் சேதி என்றால் மூலையில் கறுப்பு மை. படிப்பு இல்லாத ஊரில் படிக்க ஆள் தேடுவதற்குள் மூலையைப் பார்த்து விசயத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

மேற்குத் தோட்டத்துக்காரர் கையில் இருந்த கடுதாசியின் மூலை கறுப்பாக இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. பெருவிரல் அகலம் மை ஊறிப் போயிருந்தது.

"அண்ணா" என்றார். கடுதாசியை யாரிடமும் நீட்டவில்லை.

எழவுக் கடுதாசியை வீட்டுக்குள் கொண்டு வரமாட்டார்கள். அடுத்தவன் பிரிக்கவும் மாட்டான். அவர் கொண்டுபோய்க் கல்தொட்டியின் விளிம்பில் வைத்து, பறக்காமல் மேலே ஒரு கல் வைத்தார். மாமா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அலறினார். நான் கடலைக்கொடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அழுகை வரவில்லை. அத்தை அலறினது என்னவோ எனக்குச் சொந்தமில்லாத சத்தம் மாதிரி கேட்டது.

பொழுதோடு ஆறு ஊருக்கு ஆள் போய்விட்டது. நங்கை வந்தார். என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். அழுகிறபோதே என் வளையலை ஒருமுறை தடவிப் பார்த்தார். உடம்பு இல்லாத சாவு, அதனால் மூன்றாம் நாள் தாலியைக் கழற்றி வாங்கிவிடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். பிறந்த வீட்டிலிருந்து வெள்ளைச்சீலை வர வேண்டும். என் அண்ணனுக்குச் சேதி போயிருந்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயசு இருக்கும். பிள்ளை இல்லை.

விடிந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லை. எழவு என்றால் மாட்டுக்குத் தெரியுமா. நான் எழுந்து போனேன். தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் கடுதாசி நனையும். அதற்காகத்தான் கையில் எடுத்தேன். எடுத்த பிறகு கீழே வைக்க மனசு வரவில்லை. பிரித்தேன்.

உள்ளேயும் மை. மேலே வலது மூலையில் முழுக்கப் பூசி, அது ஊறி வெளிப்பக்கம் வந்திருந்தது. நடுவில் மூன்று வரிக்கு மை. கடைசியில் ஒரு வரிக்கு மை. மற்ற இடத்தில் எழுத்து இருந்தது. சாய்த்துச் சாய்த்துக் கோத்து எழுதின எழுத்து. எனக்குப் பிடிபடவில்லை. எறும்பு வரிசை மாதிரி இருந்தது. விரலை வைத்துத் தேடினேன். ஒரு இடத்தில் இரண்டு எழுத்துத் தனியாகத் தெரிந்தது. கீ. ரி.

மறுபடி பார்த்தேன். கீரி. அதற்குக் கீழே இரண்டு வரி தள்ளி மு. பிறகு ட். பிறகு டை.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். மாடு என் தோளை முட்டியது. முட்டட்டும் என்று இருந்தேன்.

வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிலைமையில் நான் அங்கே போகக் கூடாது. போனேன்.

"மாமா, இதுல கீரின்னு எழுதியிருக்குங்க."

மாமா நிமிர்ந்து பார்த்தார். நங்கை ஓடி வந்து என் தோளைப் பிடித்தார்.

"ஐயோ, புத்தி பெரண்டு போச்சு புள்ளைக்கு."

"இல்லீங்க நங்கையா. முட்டைன்னும் இருக்குது."

உள்ளே அத்தையின் ஒப்பாரி நின்றது. எழுந்து வாசற்படிக்கு வந்தார்.

"என்ன கீரி?"

"தெரியலீங்க அத்தை. அது ஒண்ணுதான் படிக்க வந்துச்சு."

மேற்குத் தோட்டத்துக்காரர், "மூலையில மை இருக்குதில்ல அம்மிணி" என்று மெதுவாகச் சொன்னார்.

மாமா கடுதாசியை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"எழவுக் கடுதாசியில கீரிக்கு என்ன சோலி?" என்றார்.

நங்கைதான் பேசினார்.

"தம்பியோட சாமானம் இன்னது இன்னதுன்னு எழுதியிருப்பாங்கப்பா. கீரித்தோல்ல பை கிய்யி வெச்சிருந்திருப்பான். பட்டாளத்துல அதெல்லாம் வெச்சுக்குவாங்க."

அதை நான் யோசிக்கவில்லை.

"அப்ப முட்டை?" என்றார் மாமா.

மாமா எழுந்து துண்டை உதறினார்.

"பேட்டைக்குப் போயிப் படிச்சுப் பாத்துட்டு வாரோம். அதுவரைக்கும் ஆரும் அவளைத் தொடாதீங்க."

அந்த நேரத்தில்தான் என் அண்ணன் வண்டி வந்தது. அண்ணன் அழுதுகொண்டே இறங்கினான். கக்கத்தில் காகிதம் சுற்றின பொட்டலம். எனக்குத் தெரியும் அது என்ன என்று.

"அண்ணா, அதை வண்டியிலயே வெய்யி. மாட்டை அவுக்காதே. பேட்டைக்குப் போவோணும்" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் மறுபடி ஏறிக்கொண்டான். அவன் எப்போதும் அப்படித்தான்.

நானும் ஏறினேன். இந்தக் கோலத்தில் ஒருத்தி ஊர் எல்லை தாண்டலாமா என்று நங்கை சத்தம் போட்டார். அத்தை அவரை ஒதுக்கிவிட்டு வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சும்மா இரு. பொட்டு இன்னும் நெத்தியிலதான் இருக்குது."

இரண்டு மைல். வண்டியில் மாமா, அத்தை, அண்ணன், நான். கீரித்தோல் பை என்ற பேச்சுதான் எனக்குள் ஓடியது. பை என்று எழுத்து இருந்ததா என்று மறுபடி பார்க்கலாம். கடுதாசி மாமா மடியில் இருந்தது. கேட்கப் பயம். வெள்ளைச்சீலைப் பொட்டலம் என் காலடியில் கிடந்தது. வண்டி ஆடும்போதெல்லாம் காலில் இடித்தது. தள்ளி வைத்தேன். மறுபடி உருண்டு வந்தது.

தபாலாபீசில் ஒருவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மாமா துண்டை இடுப்பில் கட்டி நின்றார்.

"சாமி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லோணுங்க. நேத்து எங்க ஆளு வாங்கிட்டு வந்ததுங்க. எழவுங்களா, இல்லீங்களா, அதை மட்டும் முதல்ல சொல்லிப்போடுங்க."

அவர் வாங்கி மூலையைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் இருந்த சின்ன முத்திரையைப் பார்த்தார்.

"யார் இதை எழவுன்னு சொன்னது?"

"மை பூசியிருக்குதுங்களே."

"இது மிலிட்டரிக்காரங்க பூசுற மை. எந்த ஊர்ல இருக்கான்னு எதிரிக்குத் தெரியக் கூடாதாம். ஊர்ப் பேரு எழுதினா அடிச்சுடுவாங்க. உங்க ஆளு தலைப்புலயே ஊர்ப் பேரு எழுதியிருக்கான். எழவும் இல்லை, ஒண்ணும் இல்லை. இரு, படிக்கறேன்."

நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் படித்தார். பிறகு அந்தக் கடுதாசியை நானே நூறு தடவை கூட்டிப் படித்திருக்கிறேன். அதனால் எனக்கு அப்படியே தெரியும்.

"அப்பா அம்மாவுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியப்படுத்துவது. நான் சுகமாக இருக்கிறேன்."

அதற்கப்புறம் மை. பிறகு இப்படி.

"கப்பல் பழுது. சரியாகும் வரை எங்களை மலைமேல் காட்டில் கூடாரம் போட்டு வைத்திருக்கிறார்கள். மழையும் குளிரும் அதிகம். சண்டை இங்கே முடிந்துவிட்டது. சமையல் வேலைதான். இங்கே ஒரு கீரி இருக்கிறது. நம் கீரியைவிடச் சின்னது. செம்மண் நிறம். வாலில் வளையல் அடுக்கினது போலக் கறுப்பு வளையம். எண்ணிப் பார்த்தேன், ஆறு. ஆளைக் கண்டு பயப்படாது. பட்டப்பகலில் ஜோடியாகக் கூடாரத்துக்கு வரும். துரைகளுக்கு வைத்திருக்கும் முட்டையை எடுத்துப் போகிறது. போய் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு நாலு காலாலும் முட்டையைப் பிடித்து, பின்னங்காலால் கல்லின்மேல் உதைத்து உடைக்கிறது. நம் கீரி நின்று வீசும். இது படுத்து உதைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இதை அம்மாவிடம் அவசியம் சொல்லவும். நான் பொய் சொன்னதில்லை. துரையிடம் சொன்னேன். அவரும் நம்பவில்லை. நானே தின்றுவிட்டேன் என்கிறார். சும்மா இருக்கிறவனைத் திருடன் மாதிரிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது. அதை வீட்டில் அவளுக்குச் சொல்லவும்."

படித்தவர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அத்தை தபாலாபீஸ் படியில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அவன்தான். அவனேதான். கடல் தாண்டிப் போயும் அந்தப் பேச்சை உட மாட்டேங்கறான் பாரு" என்றார்.

மாமா, "எழுதி எத்தனை நாளுங்க?" என்று கேட்டார். நாலு மாதத்துக்கு முன் எழுதினது என்று அவர் சொன்னார். நாலு மாதத்தில் எதுவும் ஆகியிருக்கலாம். அது எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த நிமிசத்துக்கு அது போதும். நேற்று வரை அதுகூட இல்லை.

என் கை கம்பியிலிருந்து வரவில்லை. அண்ணன் வந்து விரலைப் பிரித்துவிட்டான்.

திரும்பி வரும்போதுதான் வேலை. ஆறு ஊருக்குச் சேதி போயிருந்தது. சனம் வந்துகொண்டே இருந்தது. பாதி வழியில் ஒரு கூட்டம் ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தது. முன்னால் என் பெரியம்மா. தலையை விரித்துப் போட்டிருந்தார். நான் வண்டியிலிருந்து இறங்கி எதிரே நின்றேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார். பாட்டு நடுவில் நின்றது.

"என்ன கண்ணு, இன்னும் வாங்கலையா?"

"அவரு நல்லா இருக்காருங்க பெரியம்மா."

"அப்பறம் செத்தது ஆரு?"

"ஆரும் சாவலீங்க."

பெரியம்மா கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கினார். பிறகு தலையை முடிந்துகொண்டு, "நாலு மைலு அழுதுக்கிட்டே வந்திருக்கேன். கொஞ்சம் தண்ணியாவது குடுங்க" என்றார்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஆட்கள் வந்தார்கள். வேலிக் கடவில் ஒரு ஆளை நிறுத்தி வைத்து, அழ ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியாது. அத்தை அடுப்பை மூட்டினார். கோழி நாலு அடித்தார். நங்கை என்னைப் பார்க்காமல் மிளகாய் அரைத்தார். அரைத்து முடித்து எழுந்தவர், என் பக்கம் திரும்பாமலே, "கீரித்தோலுன்னு நான் எதுக்குச் சொன்னேனோ" என்றார். அது போதும் என்று விட்டுவிட்டேன்.

மேற்குத் தோட்டத்துக்காரர் பாடுதான் பாவம். சந்தையில் யார் பார்த்தாலும், "ஏனுங்க, இன்னிக்கு ஆரைக் கொன்னீங்க?" என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு வந்த எந்தக் கடுதாசியையும் அவர் வெறுமனே கொண்டு வந்ததில்லை. மடியில் ஒரு துண்டு மஞ்சள் வைத்திருப்பார். வரும் வழியில் வாய்க்கால் தண்ணீரைத் தொட்டு, கல்லில் உரசி, நாலு மூலையிலும் தடவித்தான் கொண்டு வருவார். தாலுகா கச்சேரியிலிருந்து வந்த நோட்டீசுக்குக்கூட மஞ்சள் தடவிக் கொண்டு வந்தார்.

பதில் நானே எழுதினேன். மத்தியானம் உட்கார்ந்தது, பொழுது இறங்கிவிட்டது. இதுதான் எழுதினது: "கடுதாசி வந்தது. இங்கே எல்லாரும் சுகம். கீரி இருக்கிறது. முட்டை போகிறது. அத்தை ஒத்துக்கொண்டார்கள்." மை பூசின விசயத்தை எழுதவில்லை. அங்கே போய் அவர் அதை நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

வெள்ளைச்சீலை இருந்தது. அப்போது துணிக்குக் கட்டுப்பாடு. அண்ணன் வரும் வழியில் நாலு கடை ஏறி, எழவு என்று சொல்லிக் கெஞ்சி வாங்கினது. எழவுக்கு என்று எடுத்ததைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். அத்தை அதை வீட்டுக்குள் விடவில்லை. அண்ணனும் கொண்டுபோக மாட்டேன் என்றான். வண்டிச்சாலைக் கூரை விட்டத்தில் பொட்டலத்தோடு சொருகி வைத்தோம். அங்கேயே கிடந்தது.

பிறகும் கடுதாசி வந்தது. நிறைய இல்லை. மூன்று நாலு. சண்டை முடிந்து அதற்கப்புறம் ஒரு நாள் அவரே வந்தார். கறுத்து, மெலிந்து, தகரப்பெட்டியோடு வேலிக் கடவில் நின்றார். அத்தை அவரைப் பார்த்துச் சொன்ன முதல் சொல், "கீரிதான் சாமி. நானும் பாத்தேன்" என்பது. அது நிசம். அவர் இல்லாத நாளில் அத்தையும் கடலைக்கொடிப் போருக்குப் பின்னால் போய்ப் படுத்திருந்தார். இரண்டு நாள்.

சோறு தின்றுவிட்டு உட்கார்ந்தோம். மற்ற ஊர்க்காரர்கள் வந்து குண்டு போட்டது, ஆள் செத்தது எல்லாம் கேட்டார்கள். அவர் கீரியைப் பற்றித்தான் பேசினார். அந்தக் கீரி தண்ணீரில் இறங்கி நீந்துமாம். தவளை பிடிக்குமாம். மரம்கூட ஏறுமாம். ஒன்றுக்கொன்று விசில் அடிக்கிற மாதிரி சத்தம் கொடுத்துக்கொண்டு போகுமாம். அது அந்தத் தீவைத் தவிர வேறு எங்கும் கிடையாது என்று அங்கத்து ஆட்கள் சொன்னார்களாம்.

மாமா கேட்டார், "அங்க நல்லபாம்பு உண்டா?"

"இல்லீங்கப்பா. கடிச்சு ஆள் சாவற பாம்பு அந்தத் தீவுல இல்லையாம்."

"பாம்பு இல்லாத ஊர்ல கீரி எதுக்கு?"

"முட்டை திங்கத்தான்."

மாமா அதை யோசித்துக்கொண்டே வெற்றிலையை மடித்தார்.

கூட்டம் போன பிறகு நான் அந்தக் கடுதாசியை எடுத்து வந்தேன். அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தது. மை பூசின இடத்தில் விரலை வைத்து, இங்கே என்ன இருந்தது என்று கேட்டேன். எத்தனையோ நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தெரிந்ததில்லை. நமக்கு என்று ஏதாவது எழுதியிருப்பாரோ என்று இருந்தது.

அவர் கடுதாசியை வாங்கிப் பார்த்தார்.

"இது அந்தத் தீவோட பேரு. மடகாஸ்கர். இது கப்பல் பேரு. இது எந்தத் துறைமுகம்னு சொன்னது. கடைசியில எந்தப் பக்கம் போறோம்னு."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"அதுக்கா இத்தனை மையி?"

அப்போதுதான் முழுதும் சொன்னேன். மூலை, உருமால், ஆறு ஊர், பெரியம்மா, எல்லாம். சொல்லி முடித்த பிறகு அவர், "சீலை எங்க?" என்று மட்டும் கேட்டார்.

காலையில் வண்டிச்சாலைக்குப் போய்ப் பொட்டலத்தை இறக்கினார். காகிதத்தைக் கரையான் அரித்திருந்தது. துணிக்கு ஒன்றும் இல்லை. உதறினார். தூசி பறந்தது. நடுவில் பல்லால் கடித்துக் கிழித்தார். ஒரு துண்டைத் தலையில் உருமாலாகக் கட்டினார்.

அத்தை பார்த்துவிட்டார். "அதைக் கட்டாதே சாமி. அது எதுக்கு எடுத்ததுன்னு தெரியுமா?"

"எனக்குன்னு எடுத்ததுதான ஆத்தா. நானே கட்டிக்கறேன்."

அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மாட்டைப் பூட்டி மத்தியானம் வரை கவலை ஏற்றம் இறைத்தார். பாத்தியில் நின்று நான் மடை திருப்பினேன். நிமிரும்போதெல்லாம் அந்த வெள்ளை உருமால் மாடு நடக்கிற கவலை வாரியில் முன்னும் பின்னும் போய்வந்தது தெரிந்தது.

இன்னொரு துண்டை முட்டைக் கூடைக்கு மேலே போட்டு மூடினேன். பொழுதோடு உருமாலைத் துவைத்து வேலியில் காயப் போட்டேன். அதற்கப்புறம் அது வெறும் துண்டுதான்.